எஸ்ஜிபிடி 84: கீழாநெல்லியா, மஞ்சள் கேப்ஸ்யூலா, வேறு ஏதாவதா?

அண்ணி ஒரு துணிப்பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கீழாநெல்லிச் சூரணம், மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுத்த சிலிமரின் மாத்திரை ஒரு அட்டை, அண்ணன் மகள் ஆன்லைனில் தருவித்த மஞ்சள் கேப்ஸ்யூல், ஜிம் நண்பர் சொல்லி வாங்கிய கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், எதிர்வீட்டுக்காரர் அன்போடு கொடுத்தனுப்பிய சீந்தில் மாத்திரை. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த லேப் ரிப்போர்ட். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 84 என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், முதல் கட்டம்.

“இதுல எதைக் குடிக்கட்டும்? நீயே சொல்லு” என்றார் அண்ணன்.

நான் பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை அண்ணனுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். இதே பை பல வீடுகளில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. சித்தப்பா 56 வயதில் ஈரல் புற்றுநோயில் போனார். அவருக்கு இளவயதில் ஒருமுறை காமாலை வந்திருக்கிறது. பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், மூன்று வாரத்தில் கண் வெளுத்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் முப்பது வருடம் தங்கியிருந்தது என்பது புற்றுநோய் வந்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நோய் தெரிவதற்கு முந்தைய வருடம் எடுத்த ரிப்போர்ட்டில் அவருடைய எஸ்ஜிபிடி 38. நார்மல் என்று எழுதியிருந்தது.

அதனால் பையில் உள்ள ஒவ்வொன்றிடமும் நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டேன். எஸ்ஜிபிடியைக் குறைக்குமா? புற்றுநோயைத் தடுக்குமா? விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. உடம்புக்குள் அவை அப்படி ஒட்டிக்கொண்டு இல்லை.

எஸ்ஜிபிடி ஈரல் செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி. செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசிகிறது. குடம் கசிந்தால் தரை நனைகிற மாதிரி. ஈரம் குறைந்தால் ஓட்டை அடைபட்டிருக்கலாம், குடத்தில் தண்ணீரே தீர்ந்துபோயும் இருக்கலாம். ஈரல் தழும்பேறிச் சுருங்கிய சிரோசிஸ் நிலையில் எஸ்ஜிபிடி நார்மலாக வருவது சாதாரணம், ஏனென்றால் கசிவதற்கு மிச்சமிருக்கும் செல்களே குறைவு. சித்தப்பாவின் 38 அப்படிப்பட்ட 38. பல லேப்கள் 40 வரை நார்மல் என்று அச்சிடுகின்றன. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் சங்கம் 2017-ல் சொன்ன அளவு இன்னும் கறாரானது: ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25.

ஈரலில் இன்னொரு வகை நொதிகளும் உண்டு. இவை கசிவைக் காட்டுபவை அல்ல, நாம் உண்ணும் மருந்தையும் நஞ்சையும் உருமாற்றி வெளியேற்றுபவை. மூலிகைச் சாறுகள் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் கிளம்புகிறது. பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டோக்ரோம் பி450 என்ற முதல்கட்ட நொதிக் குடும்பம் அதை உருமாற்றும்போதுதான் அது மரபணுவைத் தாக்கும் வடிவம் பெறுகிறது. அடுத்த கட்டத்தில், உடம்பே தயாரிக்கும் குளூட்டத்தயோன் என்ற பாதுகாப்புப் பொருளைச் சார்ந்த நொதிகள் அதன் பல்லைப் பிடுங்குகின்றன. அந்த இரண்டாம் கட்டத்தைத் தூண்டிவிடும் தாவரப் பொருட்கள் நிறைய உண்டு, முக்கியமாக முட்டைக்கோஸ், பிராக்கோலி குடும்பத்தில். இது சோதனைக்கூடத்தில் மெய். மனிதர்களிடம் வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கீழாநெல்லி. அதற்குத்தான் நம் வீடுகளில் முதல் மரியாதை.

எங்கள் கிணற்றடியில் மழைக்குப் பிறகு தானாக முளைக்கும். இணுக்கைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கும். பாட்டி வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி மோரில் கலக்குவார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எண்ணெய், புளி, மீன் எல்லாம் பத்தியம். மூன்று வாரத்தில் கண் வெளுக்கும்.

ஏன் வெளுக்கிறது என்பதற்கு நேரான பதில் ஒன்று உண்டு. நம் ஊரில் வரும் காமாலையில் பெரும்பகுதி, கெட்ட தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள். அவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கும். கீழாநெல்லி உதவியிருக்கலாம், உதவாமலும் இருந்திருக்கலாம், குடித்தவருக்குத் தெரிய வழியில்லை. ஹெபடைடிஸ் பி-யில்தான் உண்மையான சோதனை.

அந்தச் சோதனை சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பார்த்தபோது 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத சரக்கு) குடித்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது. இதைப் படிக்கும்போது இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அடுத்து வந்தவர்கள் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. 1990-ல் தாய்லாந்துக் குழு அதே இதழில் தங்கள் ஊர்க் கீழாநெல்லி பலன் தரவில்லை என்று எழுதியது. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. மண் வேறு, பறித்த பருவம் வேறு, இனமே வேறு என்ற விளக்கங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. தென்னிந்தியச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்றவற்றை மரபணு வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருந்தன. அண்ணி வாங்கிய சூரணத்தில் எது இருக்கிறது என்று நானோ கடைக்காரரோ சொல்ல முடியாது.

ஆக, கீழாநெல்லி ஆபத்தானது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஃபேட்டி லிவருக்கோ ஹெபடைடிஸ் பி-க்கோ அதை நம்பி இருக்கலாம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. புற்றுநோயைத் தடுப்பதாக மனிதர்களில் யாரும் காட்டவில்லை. அதன் உண்மையான அபாயம், அது தருகிற நிம்மதிதான். கண் வெளுத்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று எழுந்து போகிறோம். எங்கள் சித்தப்பா அப்படித்தான் எழுந்து போனார்.

சிலிமரின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மில்க் திஸில் என்ற முட்செடியின் விதைச் சாறு. நச்சுக் காளான் தின்று ஈரல் கெட்டவர்களுக்கு அங்கே இதன் வடிவம் ஒன்றை ஊசியாக ஏற்றுகிறார்கள். அந்தப் புகழ்தான் மாத்திரைக்கும் ஒட்டிக்கொண்டது. 2012-ல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்ஜிபிடி இறங்கியதில் போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஃபேட்டி லிவரில் கொஞ்சம் நம்பிக்கை தரும் ஆய்வு மலேசியாவிலிருந்து 2017-ல் வந்தது. 99 பேர், 48 வாரம், தினமும் 700 மில்லிகிராம் மூன்று வேளை. எதை முதன்மை இலக்காக வைத்தார்களோ அதில் தோற்றார்கள். ஆனால் ஈரல் தழும்பு குறைந்தவர்கள் சிலிமரின் பக்கம் 22 சதவீதம், போலி மாத்திரைப் பக்கம் 6 சதவீதம். சிறிய ஆய்வு, ஆனால் தள்ளிவிடவும் முடியாது. பக்கவிளைவு என்று பார்த்தால் பையில் இருந்தவற்றில் இதுதான் சாது. வயிறு லேசாகக் கலங்கலாம். ஆனால் கடையில் நீட்டும் 140 மில்லிகிராம் மாத்திரையில் அந்த ஆய்வின் அளவை எட்ட ஒரு நாளைக்குப் பதினைந்து விழுங்க வேண்டும்.

மஞ்சளுக்கு வருகிறேன். இங்கேதான் அண்ணன் மகளோடு எனக்கு நீண்ட விவாதம் நடந்தது.

“மஞ்சள் நம்ம தினம் சாப்பிடறதுதானே சித்தப்பா, அதுல என்ன பயம்?” என்றாள். சரி, கணக்குப் போடுவோம் என்றேன். மஞ்சள்தூளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். அவள் வாங்கிய கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின். ஒரு கேப்ஸ்யூல் என்பது ஐந்து டீஸ்பூனுக்கும் மேல். அவ்வளவு மஞ்சளை யாரும் ஒரு குடும்பத்தின் குழம்பில்கூடப் போடுவதில்லை. நாளைக்கு இரண்டு என்று பாட்டிலில் எழுதியிருந்தது.

அது போதாதென்று அதில் மிளகுச் சாறும் இருந்தது. மஞ்சளின் குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, ஈரலும் உடனே அதைப் பிடித்து வெளியேற்றிவிடும். மிளகின் பைப்பரின் அப்படி வெளியேற்றும் நொதிகளை முடக்குகிறது. பெங்களூரில் 1998-ல் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இதுதான் கவலை. நொதிகள் முடங்கினால் குர்குமின் மட்டும் தங்குவதில்லை. அதே பாதையில் போகும் பிற மருந்துகளும் தங்கும்.

மஞ்சள் கேப்ஸ்யூலால் ஈரல் கெட்ட செய்திகள் இத்தாலியில் 2019-ல் கொத்தாக வந்தன. 2022-ல் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று அப்படிப்பட்ட பத்து நோயாளிகளை விவரித்தது. அதில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு ஆபத்து என்பது ஓரளவு பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நம்மில் யாரும் அதைப் பரிசோதித்துக்கொண்டு கேப்ஸ்யூல் வாங்குவதில்லை. 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை கிடையாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்குக் குர்குமின் கொடுத்த சிறு ஆய்வுகள், பெரும்பாலும் ஈரானில் செய்தவை, எஸ்ஜிபிடி கொஞ்சம் இறங்கியதாகவே காட்டுகின்றன. ஆக, ஒரே பொருள் பலருக்கு எண்ணைச் சற்றுக் குறைக்கலாம், சிலருக்கு ஈரலையே கெடுக்கலாம். புற்றுநோய்த் தடுப்பு? சோதனைக்கூடத்துச் செல்களிலும் எலிகளிலும் ஏராளம். மனிதர்களில் ஈரல் புற்றுநோய் குறைந்ததாகக் காட்டிய ஒரு சோதனையும் இல்லை. அதோடு, மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுக்கும் பெண்களிடம் குர்குமினும் பைப்பரினும் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைப்பதாக 2019-ல் நெதர்லாந்தில் கண்டார்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புற்றுநோய் வந்த வீட்டுக்குத்தானே முதலில் இந்த பாட்டில் வந்து சேர்கிறது.

கிரீன் டீ கேப்ஸ்யூலில் விஷயம் இன்னும் தெளிவு. மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற 1075 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. நோக்கம் மார்பகப் புற்றுநோய்த் தடுப்பு. இஜிசிஜி என்ற கிரீன் டீப் பொருளைத் தினம் 843 மில்லிகிராம், ஒரு வருடம். முடிவில், புற்றுநோய் அபாயத்தின் அடையாளமாகப் பார்க்கும் மார்பக அடர்த்தி குறையவில்லை. ஆனால் சாறு எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு மேல் எஸ்ஜிபிடி கணிசமாக ஏறியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. புற்றுநோயைத் தடுக்கக் கொடுத்தது ஈரலைத்தான் சீண்டியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் இஜிசிஜி அல்லது அதற்கு மேல் எடுப்பது ஈரல் நொதிகளை ஏற்றும் என்றது. டம்ளரில் டீயாகக் குடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை. அண்ணன் அந்த டப்பாவைத் திறந்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டால் ஆறு வாரம் என்றார். லேப் ரிப்போர்ட் எடுத்ததோ நாலு வாரத்துக்கு முன்பு. எஸ்ஜிபிடி 84-ல் எவ்வளவு கொழுப்பினால், எவ்வளவு இந்த டப்பாவினால் என்று அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. அன்றே நிறுத்தச் சொன்னேன்.

சீந்தில் பற்றிச் சுருக்கமாக. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு குடித்தார்கள். மும்பையில் 2021-ல் ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு என்று ஒரு மருத்துவர் குழு எழுதியது. செடியைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மையங்கள் சேர்ந்து 43 பேரை விவரித்தன. அவர்களில் பெரும்பாலோரிடம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் அறிகுறிகள் இருந்தன. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது எல்லோருக்கும் நல்லதில்லை, சில வகைத் தைராய்டு கோளாறு போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். எங்கள் அண்ணிக்கு தைராய்டு உண்டு, அவரும் அண்ணனோடு சேர்ந்து ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னவற்றில் எஸ்ஜிபிடியும் புற்றுநோயும் ஒன்றாகக் குறைந்த கதை எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடினால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும்.

நம் அதிமதுரத்தின் கிளிசிரைசினை அங்கே நாள்பட்ட ஹெபடைடிஸுக்குப் பல காலமாக நரம்பு ஊசியாகப் போடுகிறார்கள். எஸ்ஜிபிடி நன்றாகவே இறங்குகிறது. 1997-ல் ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஒரு குழு, பதினைந்து ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் ஈரல் புற்றுநோய் வந்ததாகக் கணக்கிட்டது. கவனிக்கத்தக்க வித்தியாசம்தான். ஆனால் அது பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. அதிமதுரத்தை மாதக்கணக்கில் மெல்வதால் அந்த ஊசியின் பலன் வராது. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், காலில் நீர் கோக்கும்.

ஷோ-சைகோ-டோ என்ற ஏழு மூலிகைக் கஷாயத்தை வைத்து அங்கேயே குலுக்கிப் பிரித்த சோதனையும் நடந்தது. சிரோசிஸ் உள்ள 260 பேர், ஐந்து ஆண்டு, 1995-ல் முடிவு. ஹெபடைடிஸ் பி இல்லாதவர்களிடம் புற்றுநோய் குறைந்தது. மூலிகை ஆராய்ச்சியில் இது அபூர்வமான முடிவு. ஆனால் அதே கஷாயத்தைக் குடித்தவர்களில் சிலருக்கு, முக்கியமாக ஹெபடைடிஸ் மருந்தான இன்டர்ஃபெரானோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு, நுரையீரல் அழற்சி வந்து உயிரிழப்பும் நேர்ந்தது. 1996-ல் அரசு எச்சரித்தது. பலன் உள்ள சாறுக்குப் பக்கவிளைவும் உண்டு என்பதை ஒரே நாட்டில், ஒரே மருந்தில் பார்த்தார்கள்.

இனி அஃப்ளடாக்சின் கதையை முடிக்கிறேன். சீனாவின் சிடோங் வட்டாரம் ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போனது. அங்கே 180 பேருக்கு இலைப் பச்சையிலிருந்து செய்த குளோரோபிலினை நான்கு மாதம் கொடுத்தார்கள். அஃப்ளடாக்சின் மரபணுவைத் தாக்கியதற்கான அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்தது. பிராக்கோலி முளைச் சாறு கொடுத்த இன்னொரு சோதனையில், காற்று மாசிலுள்ள பென்சீனை உடம்பு 61 சதவீதம் அதிகமாக வெளியேற்றியது. குளோரோபிலின் அஃப்ளடாக்சினைக் குடலிலேயே பிடித்துவைப்பதாகக் கருதுகிறார்கள், இரண்டாம் கட்ட நொதிகள் மனிதர்களிலும் வேலை செய்கின்றன என்பதற்குப் பிராக்கோலி முடிவு நல்ல சாட்சி. ஆனாலும் அந்த வட்டாரத்தில் புற்றுநோய் இறங்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் பெரிய காரணம், மக்கள் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மாறியது.

அதனால் பைக்கு வெளியே இருக்கும் வழிகளையும் அதே இரண்டு கேள்வியால் அளந்து பார்த்தேன்.

புற்றுநோயைத் தடுப்பதில் மறுக்க முடியாத சான்று உள்ளது தடுப்பூசிக்குத்தான். தைவான் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, பத்து வருடத்துக்குள் 0.36 ஆனது. அந்தத் தடுப்பூசிக்கு வழி போட்டவர்களில் ஒருவர், சென்னைக் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்த அதே புளும்பெர்க். இரண்டு பாதைகளையும் அவர் மனதாரத் தேடினார், ஒன்று நிலைத்தது. இந்தியாவில் 2011-லிருந்து எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். பெரியவர்களும் மூன்று தவணை போட்டுக்கொள்ளலாம். ஏற்கனவே வைரஸ் இருப்பவருக்குத் தடுப்பூசி உதவாது, அவர்களுக்குத் தெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் உண்டு, தகுந்த நிலையில் அவை புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கின்றன.

ஃபேட்டி லிவரைப் பொறுத்தவரை எடைக் குறைப்புக்கு நிகராக எந்த பாட்டிலும் நிற்கவில்லை. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், 2015-ல் வந்த முடிவு. உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி அடங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பும் குறைந்தது. சிலிமரினின் 22-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் 82 கிலோ. அவருக்கு அது எட்டு கிலோ. எளிதில்லை, எனக்குத் தெரியும். ராத்திரி சாப்பாட்டில் மூன்றாவது தோசையை விடுவது அண்ணனுக்கு மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டம். ஆனாலும் ஐந்து சதவீதத்திலிருந்தே மாற்றம் தெரியத் தொடங்குகிறது.

காப்பி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் பார்த்ததில், நாளுக்கு இரண்டு கோப்பை கூடுதலாகக் குடிப்பவர்களிடம் ஈரல் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாக இருந்தது. எஸ்ஜிபிடியும் அவர்களிடம் குறைவு. மக்களைக் கவனித்து எழுதிய கணக்குதான் இது, மருந்துச் சோதனை இல்லை. ஆனால் குடிக்கிறவர் அதை நிறுத்தத் தேவையில்லை. சர்க்கரையை மட்டும் விட வேண்டும்.

பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைப் பொறுக்கி எறிவது, மதுவை அறவே விடுவது, இரண்டைப் பற்றியும் விவாதிக்க ஒன்றுமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு அண்ணனோடு உட்கார்ந்தேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபிப்-4 என்பார்கள், ஈரலில் தழும்பு எவ்வளவு இருக்கலாம் என்பதன் உத்தேசம். வயது 47 பெருக்கல் எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி போல ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு நொதி) 52, ஆக 2444. பிளேட்லெட் 2.3 லட்சம், அதை 230 என்று எடுத்து எஸ்ஜிபிடி 84-ன் வர்க்கமூலமான 9.17-ஆல் பெருக்கினால் 2109. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.16. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. கையில் இருக்கிற ரிப்போர்ட்டில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய இந்தக் கணக்கு, எஸ்ஜிபிடி தனியாகச் சொல்லாததைச் சொல்கிறது. சித்தப்பாவின் அந்தப் பழைய ரிப்போர்ட்டிலும் போட்டுப் பார்த்தேன். எஸ்ஜிபிடி 38-தான், ஆனால் பிளேட்லெட் 90 ஆயிரம், எஸ்ஜிஓடி 71, வயது 55. விடை 7-ஐத் தாண்டியது. 2.67-ஐத் தாண்டினாலே உடனே ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு முடிவு இப்படி. கிரீன் டீ, மஞ்சள் கேப்ஸ்யூல், சீந்தில் மூன்றும் வேண்டாம். சிலிமரின் தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், அவர் கொடுத்தால் எடுக்கலாம். எட்டு கிலோ குறைப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது. மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பார்ப்பது. சிறுநீர் அடர் மஞ்சளானாலோ உடம்பு அரித்தாலோ அதற்கு முன்பே போவது, போகும்போது எடுத்த எல்லா பாட்டிலையும் கையோடு கொண்டுபோவது.

கீழாநெல்லியை அம்மா விடவில்லை. “ஒரு வாரம் குடிக்கட்டும், எம்மனசு கேக்கல” என்றார். கடைச் சூரணம் வேண்டாம், கிணற்றடிச் செடி என்றால் சரி, ஆனால் அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை எடுத்துவிட வேண்டும் என்றேன். அண்ணனுக்கு மட்டும் போதாது, வீட்டில் எல்லோருக்கும், சித்தப்பா பிள்ளைகளுக்கும். இந்த வைரஸ் ஒரே குடும்பத்துக்குள் தங்கிவிடும் பழக்கம் உள்ளது. பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் குட்டி ஆன பிறகும் யாரும் அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அண்ணனுக்கு வைரஸ் இல்லை. எனக்கும் இல்லை, நாங்கள் இருவரும் முதல் தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டோம். சித்தப்பாவின் இளைய மகனுக்கு இருந்தது. வயது 39, எஸ்ஜிபிடி 31, எந்த அறிகுறியும் கிடையாது. வைரஸின் அளவைப் பார்த்து மருத்துவர் மாத்திரை தொடங்கியிருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்த ஸ்கேன் தை மாதம். அவனுடைய மனைவியும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறார். அவன் மகளுக்குப் பிறந்த அன்றே போட்டிருக்கிறார்கள், அட்டையில் தேதி இருக்கிறது.